வந்த ஆள் எங்கே உட்கார்ந்தான்

அக்காவுக்கு எந்தப் படத்தின் பெயரும் வாயில் வராது. "பச்சைக் கம்பளம் விரிச்ச மாடிப்படி உண்டுல்லா, அந்தப் படம்" என்பாள். "சாப்பிடுற மேசைக்கு மேல குடை மாதிரி லைட்டு தொங்குமே, அது." கதாநாயகன் யார் என்று கேட்டால் நெற்றியைத் தடவி யோசிப்பாள். கதாநாயகி கடைசியில் செத்தாளா பிழைத்தாளா என்று கேட்டால், "அது தெரியாது மக்கா, ஆனா பின்பக்கத்து ஜன்னலுக்கு நல்ல மூங்கில் தட்டி போட்டிருந்தான்" என்று சொல்லிவிட்டு சாயாவைக் குடிப்பாள்.

நான் தையல்காரி. இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டின் முன்னறைதான் கடை. ரெண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவரில் ஒரு டிவி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா வருவாள், கொஞ்சம் பிந்தி சுயம்புகனி வருவாள். சுயம்புகனி என் வயசுக்காரி. அவள் வீட்டுக்காரருக்குத் தெருமுக்கில் பலசரக்குக் கடை. மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு அவர் உறங்கும் நேரம்தான் இவளுக்கு விடுதலை.

மூன்று பேரும் ஒரே டிவியைப் பார்ப்போம். ஆனால் ஒரே படத்தைப் பார்த்தோம் என்று சொல்ல மாட்டேன். சுயம்புவுக்குக் கதை வேண்டும். மாமியார்க்காரி பாலில் எதையோ கலந்தால், "அறுதலி, நீ வெளங்குவியா" என்று இங்கிருந்தே கையை நீட்டுவாள். எனக்குத் தொழில் புத்தி. அழுகிற நடிகையின் ரவிக்கையில் கைக்குழி கோணலாக வெட்டியிருப்பதுதான் என் கண்ணில் படும். அக்காவுக்கு ஆளும் வேண்டாம், அழுகையும் வேண்டாம், வீடு மட்டும் போதும். நடிகர்கள் நகர்ந்து நின்றால் சந்தோஷப்படுவாள், பின்னால் இருப்பது தெரியுமே என்று.

அவளுடைய பெயரை நான் எழுதவில்லை. எழுதினாலும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு யார் என்று தெரியாது. எனக்கும் சுயம்புவுக்கும் அவள் அக்கா. மற்றவர்களுக்கு கல்ஃப்காரர் வீட்டம்மா.

படத்தில் ஓர் இடம் வந்தால் மட்டும் அக்கா முதுகை நிமிர்த்தி முன்னால் வந்துவிடுவாள். வெளியே போயிருந்த ஆண்பிள்ளை வீட்டுக்குத் திரும்புகிற இடம். அப்பனோ, புருசனோ, ஜெயிலிலிருந்து வந்தவனோ, யாரானாலும் சரி. "சத்தம் போடாதீங்கட்டி, ஆளு வந்தாச்சு" என்பாள். வந்தவன் பையை எங்கே வைக்கிறான், எதைப் பார்க்கிறான், கடைசியில் எதில் போய் உட்காருகிறான் என்பதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். பிரம்பு நாற்காலி, ஊஞ்சல், சோபா, கட்டில் ஓரம், மாடிப்படி. உட்காருவதற்குள் ஒரு பாட்டைப் போட்டுவிட்டால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். "ஆளை நிக்க வச்சுக்கிட்டு ஆட்டத்துக்குப் போய்ட்டான் பாத்தியா" என்று முனகுவாள். அடுப்படிக்குப் போய் வந்ததில் அந்த இடம் தவறிவிட்டால் என் தோளைப் பிடித்து உலுக்குவாள்.

"வந்த ஆளு எங்கட்டி உக்காந்தான்?"

ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "அவன் உக்காந்தா என்ன, நின்னா என்னக்கா? பெண்டாட்டியைக் கொன்னுட்டு வந்திருக்கான்" என்றேன்.

"கொன்னவனுக்கும் கால் கடுக்கும்லா" என்றாள் அக்கா.

அவளுடைய வீட்டுக்காரர் கல்ஃபில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணம் முடிந்து ஆறாம் மாதம் போனவர். அதற்குப் பிறகு லீவுக்கு வந்து போகிற ஆள்தான். ஒரு மகன், அவனும் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். வீடு மட்டும் கல்லுக் கல்லாக வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் கூரை போட்டார்கள், அப்புறம் தரை, அப்புறம் முன்பக்கத்துக்கு மட்டும் பூச்சு. உள்ளே பெரிய ஹால், நாலு பக்கமும் செங்கல் தெரியும். மூலையில் மிச்சமான சிமெண்டு மூட்டைகள் கல்லாகிக் கிடக்கும். அந்த ஹாலில் அக்கா தனியாக நடந்தால் காலடிச் சத்தம் திரும்பி வரும். அதனாலேயே அவள் அடுப்படியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாள்.

அவர் லீவுக்கு வந்திருந்தபோது நடந்த ஒன்றை அக்கா எனக்கு மட்டும் சொன்னாள். சுயம்பு அன்றைக்கு வரவில்லை.

"பெட்டியை எறக்கி வச்சாவ. நான் குடிக்க வெள்ளம் எடுக்க உள்ள ஓடினேன். செம்பைக் கழுவி, வெள்ளம் மோந்து, திரும்பி வாறேன், அதே எடத்துல நிக்காவ மக்கா. சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு நிக்காவ. ப்ளாஸ்டிக் சேரு கெடக்கு, அதுல எனக்க துணி. அந்த லீவு முழுக்க அவிய நிக்கத்தான் செஞ்சாவ. முக்குல போய் நிப்பாவ. கடப்புறத்துல போய் அலையைப் பாத்துக்கிட்டு நிப்பாவ. லீவு முடியக்கு முந்தியே கம்பெனி கூப்பிட்டுண்ணு சொல்லிப் போய்ட்டாவ. கம்பெனி ஒண்ணும் கூப்பிடல. எனக்குத் தெரியாதா. உக்கார ஒரு எடம் இல்லாத வீட்டுல எந்த ஆம்பிள தங்குவான்?"

அதுதான் அக்காவின் கணக்கு. அடுத்த தடவை வரும்போது அவர் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் தங்கிவிடுவார். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அதைச் சொல்ல வராது.

சுயம்புவின் பிடிவாதத்தில் ஒருநாள் மூன்று பேரும் பஸ் ஏறி பேச்சிப்பாறைக்குப் போனோம். அணைக்குப் பக்கத்தில் ஏதோ சீரியல் எடுக்கிறார்கள் என்று அவளுக்குச் சேதி. போய்ப் பார்த்தால், ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு பெரிய வீட்டு முகப்பு. தூண், வார்னிஷ் அடித்த கதவு, இரண்டு பக்கமும் பூந்தொட்டி. சுயம்பு நடிகையைத் தேடிக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். அக்கா நேராக வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை. பலகையை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கயிறும் ஆணியும் தொங்கின. ஒரு ஆள் நிழலில் துண்டை விரித்து உறங்கிக்கொண்டிருந்தான்.

"அய்யே, இதைப் பாக்கவா இந்த வெயில்ல வந்தோம்" என்றேன் நான்.

அக்கா பலகையைத் தட்டிப் பார்த்தாள். முன்னால் போய்ப் பார்த்தாள், திரும்பப் பின்னால் வந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஏமாற்றமே இல்லை. இவ்வளவு காலம் யாரோ அவளிடம் மறைத்து வைத்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்ததுபோல் சிரித்தாள்.

"அப்பம் பாக்குத எடம் மட்டும் நல்லா இருந்தா போரும், கேட்டியா" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியிலிருந்த வீட்டு முகப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். சுயம்பு, நடிகை நேரில் கறுப்பாக இருக்கிறாள் என்று குலசேகரம் தாண்டுகிறவரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மத்தியானம் அக்கா கடைக்கு வரவில்லை. என் போனுக்கு வீடியோ கால் வந்தது. அவள் வீட்டு ஹாலிலிருந்து. போனை ஜன்னல் படியில் மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு எதிர்ச்சுவர் பக்கமாகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இப்பம் என்ன தெரியுது?"

"நீங்க தெரியுதீங்க."

"என்னைச் சொல்லாத. எனக்குப் பொறத்த என்ன தெரியுது?"

"செங்கல்லு."

"எது வரைக்கும் தெரியுது?"

அவள் கரித்துண்டை வைத்துக்கொண்டு கையை நகர்த்திக்கொண்டே போனாள், நான் இங்கிருந்து "இன்னும் போங்க, இன்னும் போங்க, நில்லுங்க" என்றேன். இடது பக்கம் ஒரு கோடு, வலது பக்கம் ஒரு கோடு, மேலே ஒரு கோடு. கல்ஃபிலிருந்து அவர் கூப்பிட்டால் போனில் தெரிகிற அந்தக் கட்டத்துக்கு மட்டும் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசினாள். பெயிண்ட் அடிக்க வந்தவர் கோட்டைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, சுவத்துக்கு ஜாக்கெட்டா?" என்று கேட்டாராம். பழுத்த ஏத்தன்பழத் தோலின் மஞ்சள் நிறம். அந்தக் கட்டத்துக்கு வெளியே செங்கல் செங்கலாகவே இருந்தது.

பிறகு என்னிடம் திரைச்சீலை தைக்கக் கொடுத்தாள். இளம்பச்சைத் துணி, அடியில் சுருக்கு வேண்டும் என்றாள். அளவு கேட்டேன். அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஜன்னல் இல்லாத சுவத்துக்கு எதுக்குக்கா திரை?"

"போன்ல பாத்தா பின்னால ஜன்னல் உண்டுண்ணுதான் நினைப்பாவ."

நான் தைத்துக் கொடுத்தேன். நல்ல சுருக்கு வைத்தேன், அதில் குறை சொல்ல முடியாது.

கடைசியாக நாகர்கோவிலிலிருந்து அந்த நாற்காலி வந்தது. ஒற்றை ஆள் சோபா, மரக்கை, அரக்குச் சிவப்பு மெத்தை. வண்டியிலிருந்து இறக்கும்போது தெருவே பார்த்தது. அக்கா அதைத் திரைக்கு முன்னால் போட்டாள், தனக்கு ஸ்டூலை அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. காலைப் பலகாரம் முடிந்ததும் அவர் கூப்பிடுவார். அக்கா தலை சீவிப் பூ வைத்து, ஸ்டூலில் ஒதுங்கி உட்கார்ந்து, போனை வைக்கிற கோணத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பாள். அவளுடைய முகம் பாதிதான் தெரியும், நாற்காலி முழுசாகத் தெரியும்.

ஒருநாள் சுயம்பு சாயா டம்ளரோடு போய் அதில் உட்காரப் போனாள். அக்கா போட்ட "ஏட்டி"யில் அவள் கையிலிருந்த சாயா தளும்பிவிட்டது. சுயம்பு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரெண்டு நாள் பேசவில்லை. நான் கேட்டேன், "நீங்களாவது உக்காந்து பாத்தீங்களாக்கா?"

"குழி விழுந்திரும் மக்கா" என்றாள்.

அவர் வெள்ளிக்கிழமைதோறும் மழை உண்டா என்று கேட்பார், தேங்காய் வெட்டியாச்சா என்று கேட்பார், கிணற்று மோட்டார் சரியானதா என்று கேட்பார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அக்கா காத்திருந்தாள். திரையை மாற்றினாள், ஒரு பூச்சாடி வாங்கினாள், அதை எடுத்துவிட்டு விளக்கு வைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். "அது என்ன புது சேராண்ணு கேட்டாவட்டி" என்றாள். சாயா போட்டுக் கொடுத்தேன், குடிக்காமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு என்ன கேட்டார் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை, அதற்குள் நெட் போய்விட்டது என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்புறம்தான் அந்தச் சேதி வந்தது. கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரேயடியாக வருகிறார். அக்காவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம் அதிகம். போனில் தெரிந்த அந்த ஒரு கட்டத்துக்கு வெளியே வீடு அப்படியே கிடக்கிறதே. மூன்று பேரும் கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினோம். மற்ற சுவர்களைப் பூசி முடித்தபின் நாங்களே பெயிண்ட் அடித்தோம். சுயம்பு ஏணியில் நின்றுகொண்டு, தான் பார்க்கிற சீரியலின் மூன்று மாதக் கதையையும் சொல்லி முடித்தாள். எவ்வளவு கலந்தும் பழைய நிறம் கிடைக்கவில்லை. பழைய கட்டத்தின் ஓரக்கோடு தெரிந்துகொண்டேதான் இருந்தது. சிமெண்டு மூட்டைகளை உருட்டி வெளியே தள்ளினோம். ஹால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

திருவனந்தபுரத்திலிருந்து கார் வந்து நின்றபோது நானும் சுயம்புவும் மதில் பக்கம் நின்றோம். அண்ணன், அக்காவின் வீட்டுக்காரர்தான், இறங்கினார். தலை முழுக்க நரை, இரண்டு பெட்டி. அக்கா இந்தத் தடவை தண்ணீரை முன்கூட்டியே மோந்து வைத்திருந்தாள். "இதுல உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். முதுகைச் சாய்க்காமல், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்துச் செம்பைக் கொடுக்க எழுந்தார். எழுந்தவர் திரும்ப உட்காரவில்லை.

"வந்த அலுப்புல்லா" என்றாள் சுயம்பு வழியில். நானும் ஆமாம் என்றேன்.

அலுப்பு தீரவேயில்லை. காலையில் முக்குக்குப் போவார், பத்து மணிக்குத் திரும்புவார், வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். சாப்பாட்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவார். சாயங்காலம் ஆனால் தென்னைமரத்து மூட்டில் நின்றுகொண்டு போனில் பேசுவார். அங்கே அவரோடு ஒரே அறையில் கிடந்தவர்கள். ஒருத்தர் தக்கலைக்காரர், ஒருத்தர் மலையாளி, இன்னும் நாலைந்து பேர். பேசும்போது அவர் சிரிக்கிற சிரிப்பு என் கடைவரை கேட்கும். அக்காவிடம் பேசும்போது அந்தச் சத்தம் வராது.

ஒரு மத்தியானம் அக்கா வந்து, நான் வெட்டிப் போட்ட துண்டுத் துணிகளைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். டிவி ஓடியது, பார்க்கவில்லை.

"வேற விசா உண்டாண்ணு கேக்காவ. கூட்டாளி ஒருத்தன் பாத்துத் தாறேண்ணு சொல்லியிருக்கான் போல" என்றாள்.

"போறவரு போகட்டும்க்கா. இவ்வளவு காலம் இல்லாமதானே இருந்தீங்க" என்றேன் நான்.

அக்கா என்னைப் பார்த்தாள். "இருந்தேன். அப்பம் வருவாவண்ணு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நாளைக்கு அவள் கடைப் பக்கம் வரவில்லை.

பிறகு ஒருநாள், சுயம்புவும் நானும் இருக்கும்போது வேகமாக வந்தாள். வந்ததும் டிவியை நிறுத்தச் சொன்னாள்.

"இண்ணைக்கு ஒரு படம் பாத்தேன்" என்றாள்.

அண்ணன் தென்னைமூட்டில் நின்று வீடியோவில் பேசும்போது, துணி காயப்போடுகிற சாக்கில் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். அங்கே பேசிய ஆட்களை அவள் பார்க்கவில்லை. எப்போதும்போல் பின்னால் இருந்ததைத்தான் பார்த்தாள்.

"நீளமா ஒரு முறி, ஆளுவ கெடக்குத எடம். ரெண்டு பக்கமும் அடுக்குக் கட்டிலு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. அங்கணக்கிங்கண கயிறு கட்டி லுங்கியும் துண்டும் தொங்குது. சுவரோரத்துல கீழக் கட்டிலு ஒண்ணு. அதைச் சுத்தி பூப்போட்ட பெட்ஷீட்டைத் திரையாக் கட்டியிருக்கு. பக்கத்துல அட்டைப்பெட்டியைக் கவுத்துப் போட்டு, அதுக்கு மேல டம்ளரு, டார்ச்சு, ஒரு சின்ன ரேடியோ. அந்தக் கட்டிலு மட்டும் காலியா கெடக்கு. அவியளுக்க கட்டிலு அது. வேற ஒருத்தனும் படுக்கல. பேச்சுக்கு எடையில, எடையில, அவிய அதையே பாக்காவ."

"கதை என்னக்கா?" என்றாள் சுயம்பு. அவளுக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியாது.

"கதை ஒண்ணும் இல்ல. ஆளு இவ்வளவு காலமும் அங்கதான் உக்காந்திருந்தாவ. அவ்வளவுதான்."

கக்கத்திலிருந்து ஒரு பெட்ஷீட்டை எடுத்து என் மேசையில் போட்டாள். பழையது, ஊதாப்பூப் போட்டது. கம்பி கோக்க மேலே மடிப்பு வைத்துத் தைக்க வேண்டும் என்றாள். எனக்குப் புரிந்ததும் ஆத்திரம் வந்தது.

"கட்டத்தைப் பாத்துப் பாத்துக் கட்டின வீட்டை லேபர் கேம்பு ஆக்கப் போறீங்களாக்கா? உங்களுக்குக் கிறுக்கா?"

"தைச்சுத் தருவியா, மாட்டியா?"

தைத்தேன். ஆத்திரத்தில் மெஷினை மிதித்ததில் ஊசி முறிந்தது, வேறு ஊசி போட்டுத் தைத்தேன்.

அவர் முக்குக்குப் போயிருந்த நேரத்தில் அக்கா ஹாலை மாற்றினாள். பச்சைத் திரையைக் கழற்றினாள். அந்த ஆணியிலேயே கயிற்றைக் கட்டி எதிர்ச்சுவருக்கு இழுத்தாள், அவருடைய லுங்கியையும் துண்டையும் போட்டாள். சுயம்புவின் கடைக் குடோனில் கிடந்த இரும்புக் கட்டில் வந்தது. பீரோவுக்குள் நாப்தலின் உருண்டையோடு வருசக்கணக்காக மடித்து வைத்திருந்த புலிப்படம் போட்ட கல்ஃப் கம்பளியை எடுத்து விரித்தாள். ஊதாப்பூத் திரை, கவிழ்த்த அட்டைப்பெட்டி, டம்ளர், டார்ச். சிவப்பு நாற்காலி மட்டும் நிற்க இடமில்லாமல் வராந்தாவுக்குப் போனது.

அவர் வந்தபோது நடந்ததை அக்கா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

"வாசல்ல நின்னாவ. வழக்கப்படி நிக்கத்தான் போறாவண்ணு நினைச்சேன். செருப்பைக் கழத்தினாவ. கட்டில் பக்கத்துல போனாவ. தலையைக் குனிஞ்சாவ மக்கா. மேல ஒண்ணும் இல்ல. மேல் கட்டிலு அங்கதானே உண்டு, இங்க இல்லியே. ஆனாலும் முட்டிரப்புடாதுண்ணு நல்லாக் குனிஞ்சு, உள்ள போய் உக்காந்தாவ. காலை நீட்டினாவ. ஒரு சாயா தாறியாண்ணு கேட்டாவ."

இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. சுயம்பு மூக்கைச் சிந்தினாள். நான் பாபினில் நூல் சுற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

விசாப் பேச்சு நின்றுபோனது. அண்ணன் தன் கட்டிலைப் போனில் கூட்டாளிகளுக்குக் காட்டினார். அவர்கள் அங்கே கும்மாளம் போட்டார்கள். அக்கா எதற்காக அவ்வளவு காலம் படம் பார்த்தாளோ அது நடந்துவிட்டது. வந்த ஆள் உட்கார்ந்தார், தங்கினார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ரவிக்கையைக் கொடுக்க நான் அவள் வீட்டுக்குப் போனேன். ஹாலில் கயிறு நிறையத் துணி. திரைக்குள் அண்ணன் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். நெஞ்சில் போன், அதில் தக்கலைக்காரர் ஏதோ படத்தின் சண்டைக்காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார், இவர் "ஓ, ஓ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவும் இல்லை, அடுப்பைப் பார்க்கப் போகவும் இல்லை.

"நீங்க எங்கக்கா இருப்பீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். அப்போதுதான் முதல் தடவையாகத் தேடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. போனில் அவள் பார்த்த அந்த அறையில் பெண் என்று ஒருத்தி இல்லை. அதனால் அவளுக்கு ஒரு ஸ்டூல்கூடப் போட வேண்டும் என்று நினைவு வரவில்லை.

"எனக்கு என்னட்டி, நிக்கேன்லா" என்றாள்.

ரவிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த ஆளைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வந்தது. அவர் என்ன செய்வார், பாவம். அவருக்கும் வேறு எங்கேயும் உட்காரத் தெரியவில்லை.

வராந்தாவில் கிடந்த நாற்காலியில் சாரல் அடித்து மெத்தை நனைந்துபோனது. ஒருநாள் அக்கா ஒரு ஆட்டோவில் அதை ஏற்றி என் கடையில் கொண்டுவந்து இறக்கினாள். "உனக்குத் தைக்க வாறவிய உக்காரட்டும்" என்றாள். டிவிக்கு நேராகப் போட்டாள். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். பிறகு அவளே அதில் உட்கார்ந்தாள். முதலில் நுனியில், அப்புறம் பையப் பைய முதுகைச் சாய்த்தாள். அன்றிலிருந்து மத்தியானம் அந்த நாற்காலி அவளுக்குத்தான். மெத்தையில் குழி விழுந்தது.

ஒருநாள் பழைய படம் ஒன்று ஓடியது. கப்பலில் போன புருசன் பத்து வருசம் கழித்துத் திரும்புகிறான். பெரிய வீடு, வரிசையாகத் தூண், நடுவில் பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சல். சுயம்பு அதற்குள் அழத் தொடங்கியிருந்தாள். நான் ஊக்குத் தைத்துக்கொண்டே, அவள் கேட்பதற்கு முன்னால் முந்திக்கொண்டு சொன்னேன்.

"ஊஞ்சல்ல உக்காந்தாச்சுக்கா."

அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்து டிவியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ எங்கட்டி?" என்றாள்.

"யாரு?"

"அவனுக்க பெண்டாட்டி."

நானும் பார்த்தேன். தூணுக்குப் பின்னால், கையில் செம்போடு, பாதி உடம்பு மறைந்தபடி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"தூணுக்குப் பொறத்த நிக்கா."

"உக்காருவாளா?"

அந்தப் படத்தை முந்தியே பார்த்தவள் சுயம்பு மட்டும்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "இல்லக்கா. கடைசி வரைக்கும் நிப்பா" என்றாள்.

அக்கா "ம்" என்றாள். காலைத் தூக்கி மடக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள். "நீ தையி மக்கா. நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்" என்றாள். அன்றைக்கு விளக்கு வைக்கும்வரை இருந்தாள். அண்ணன் போனில் கூப்பிட்டபோதுதான் எழுந்து போனாள்.

அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு மகன் வந்து ரெண்டு பேரையும் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வீடு பூட்டிக் கிடக்கிறது. முதலில் போன் வரும், அப்புறம் அதுவும் குறைந்தது. கடைசியாக வீடியோவில் பேசியபோது அவளுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். உங்களுக்கு அங்கே உட்கார நல்ல இடம் உண்டா என்று கேட்டேன். "இது எனக்க வீடு இல்லியே மக்கா" என்று சொல்லி, என் கடையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். மெஷின், மேசை, டிவி எல்லாம் காட்டினேன். நாற்காலி வந்ததும், "அங்க நிறுத்து" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

இப்போதும் அது டிவிக்கு நேராகத்தான் கிடக்கிறது. சிவப்பு வெளுத்துவிட்டது, குழி அப்படியே இருக்கிறது. சுயம்பு அதில் உட்காருவதில்லை. அளவு கொடுக்க வருகிறவர்கள் தெரியாமல் உட்காரப் போவார்கள். நான் மெஷினை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் சொல்வதுபோல், "அதுல ஆள் வருது" என்று சொல்லி ஸ்டூலை நகர்த்திப் போடுகிறேன்.